சலுகை கேட்கும் அரசியலும் எல்லை கேட்கும் அரசியலும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரு கேள்வி எழுகிறது: "இம்முறை நம்மவர்களுக்கு எத்தனை இடம்?" மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் எழும் கேள்வி அது, தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் அதுவே எழுகிறது. கட்சிகளின் வேட்பாளர் பட்டியல் வெளிவந்ததும் பெயர்களை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் மனத்தாங்கல். பின்பு வேட்பாளர் ஊருக்கு வருகிறார். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், கடற்கரைக்குத் தூண்டில் வளைவு, பள்ளிக்கு ஆசிரியர் பணியிடம் என்று ஒரு விண்ணப்பம் அவர் கையில் தரப்படுகிறது. அவர் தலையசைக்கிறார். அத்தோடு ஐந்தாண்டு அரசியல் முடிந்துவிடுகிறது.

இக்கேள்வியே தகாதது என்று வாதிட நாம் வரவில்லை. தூண்டில் வளைவு இல்லாத ஊரில் கடல் வீட்டைத் தின்னும் என்பதை அறிவோம். மக்கள்தொகைக்கேற்ற பங்கைக் கேட்பது மக்களாட்சியில் எவருக்கும் உரியதே. ஆனால் நம் பொதுநிலையினரின் அரசியல் சிந்தனை முழுவதும் இவ்வொரு கேள்விக்குள் அடங்கிவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு. ஆட்சியிடமிருந்து எதைப் பெறலாம் என்று கேட்கத் தெரிந்த சமூகம், ஆட்சியின் கை எந்த இடத்தில் நின்றாக வேண்டும் என்று கேட்கப் பழகவில்லை. முதற்கேள்வி நமக்குச் சலுகையைத் தரலாம். இரண்டாவது கேள்வி இல்லாமல் அச்சலுகை நிலைக்காது.

இரண்டாவது கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்களை ஐரோப்பிய அரசியலில் தாராளவாதிகள் என்பர். 1991க்குப் பின் நம் நாளேடுகளில் புழங்கும் 'தாராளமயம்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சந்தையைப் பற்றிய சொல். தாராளவாதம் அதனினும் பழையது, அகலமானது. மனிதனின் மனச்சான்றும் பேச்சும் உடைமையும் கூட்டுச் சேரும் உரிமையும் அரசு ஈந்த கொடைகள் அல்ல. ஆளப்படுபவனைக் கட்டும் சட்டம் ஆள்பவனையும் கட்ட வேண்டும். மாற்றுக் கருத்துடையவன் பகைவன் ஆகமாட்டான். இதுவே அதன் சாரம். இக்கொள்கையை வாழ்ந்து காட்டிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் ஒருவர் நம் மாநிலத்திலேயே இருந்தார். அவர் பெயரை இன்று நம் மேடைகளில் கேட்பது அரிது.

நாற்காலிகளின் வரலாறு

மரியதாஸ் இரத்தினசாமி 1885இல் பிறந்து 1977இல் மறைந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றவர், பச்சையப்பன் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் முதல்வராக விளங்கியவர். 1925இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் தலைவரானார். அந்த நாளில் மாகாணத்துக்கு அது ஒன்றே சட்டமன்றம். அவருக்கு முன் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்து, 1925இல் உயிர் நீத்தவர் எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை. இந்திய நாட்காட்டிக் கணிதத்தில் இன்றும் ஆய்வாளர்கள் கையேடாகக் கொள்ளும் நூலை எழுதிய அப்பேரறிஞரும் கத்தோலிக்கரே. கிறிஸ்தவ உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு மன்றத்தில், அடுத்தடுத்து இருவர் தலைமை நாற்காலிக்கு உரியவராயினர். நம் எண்ணிக்கை அவர்களை அங்கே அமர்த்தவில்லை. நடுவுநிலைமை தவறாதவர்கள் என்ற நம்பிக்கையே அமர்த்தியது.

பின்னர் இரத்தினசாமி சென்னை மாகாணத்தின் அரசுப் பணித் தேர்வாணையத்தில் உறுப்பினராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். 1942 முதல் 1948 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1932இல் அரசு என்னும் அமைப்பு உருவான விதம் பற்றியும், 1939இல் இந்தியாவில் பிரித்தானிய நிர்வாக முறையை உருவாக்கிய தாக்கங்கள் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார்.

இப்பதவிகளை வெறும் பெருமைப் பட்டியலாகப் படித்தால் பயனில்லை. அவற்றுக்குள் ஓடும் இழையைக் காண வேண்டும். மன்றத் தலைவரின் வேலை என்ன? ஆளுங்கட்சியின் கூச்சலுக்கிடையே எதிர்க்கட்சியின் குரல் அமுங்காமல் பார்ப்பது. தேர்வாணையத்தின் வேலை என்ன? அரசுப் பணியை அமைச்சரின் மடியிலிருந்து எடுத்து, தகுதி உள்ளவனின் கையில் தருவது. துணைவேந்தரின் வேலை என்ன? அறிவுத் தேட்டத்துக்கும் ஆட்சியின் விருப்பத்துக்கும் இடையே வேலி அமைப்பது. மூன்றும் அதிகாரத்துக்குக் கரை கட்டும் பணிகள். ஆற்றுக்குக் கரை பகையன்று என்பதைத் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எழுபத்து நான்காம் வயதில் எதிர்க்கட்சி

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை முறையே வருங்கால வேளாண்மை என்று தீர்மானம் நிறைவேற்றியது. உழவனின் சிறு நிலமும் பெரிய பண்ணைக்குள் கரைந்துபோகும் என்ற அச்சம் பரவியது. தொழில் தொடங்க உரிமம், விரிவாக்க அனுமதி, மூலப்பொருளுக்கு ஒதுக்கீடு என்று ஒவ்வொன்றுக்கும் அலுவலகப் படியேறும் நிலை ஏற்கெனவே வந்துவிட்டது. இதனை லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று இராஜாஜி இடித்துரைத்தார். அவ்வாண்டே அவரும் என். ஜி. ரங்காவும் மினு மசானியும் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தனர். இரத்தினசாமி அக்கட்சியில் இணைந்து அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். 1962 முதல் 1968 வரை அக்கட்சியின் சார்பில் மாநிலங்களவையில் அமர்ந்தார். 1968இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

அவர் சேர்ந்த காலத்தை நோக்குக. நேருவின் புகழ் உச்சியில் இருந்த நாள். தமிழகத்தில் காமராசரின் ஆட்சி வேரூன்றிய நாள். ஆளுங்கட்சியோடு இணக்கமாக இருப்பதே சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்ற அறிவுரையே எங்கும் கேட்டது. பட்டமும் பதவியும் கண்டு முடித்த ஒருவர், எழுபத்து நான்கு வயதில், ஆட்சிக்கு வருமென்று எவரும் நம்பாத ஒரு கட்சியில் சேர்கிறார். இதில் ஆதாயக் கணக்கு ஏதும் இருந்திருக்க இயலாது. அக்கட்சியின் விதிகளில் ஒன்று நம் கவனத்துக்குரியது: அடிப்படைக் கொள்கைகள் தவிர்ந்த மற்ற யாவற்றிலும் உறுப்பினர் தம் கருத்துப்படி நடக்கலாம். கொறடாவின் ஆணைக்குக் கை தூக்கும் இன்றைய சட்டமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கனவுபோல் தோன்றலாம்.

அதே 1959இல் நிகழ்ந்த இன்னொன்றையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஜூலை 31 அன்று, கேரளத்தில் மக்கள் வாக்களித்து அமர்த்திய பொதுவுடைமை ஆட்சியை நடுவண் அரசு கலைத்தது. கல்விச் சட்டத்தால் தங்கள் பள்ளிகள் பறிபோகும் என்று அஞ்சிப் போராடிய கத்தோலிக்கர்கள் அந்நாளைக் கொண்டாடினர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே என வைத்துக்கொண்டாலும், அவர்கள் கைதட்டி வரவேற்ற 356ஆம் பிரிவு பிற்பாடு எங்கெல்லாம் பாய்ந்தது? 1976இலும் 1991இலும் தமிழகத்தின் மீதே பாய்ந்தது. ஓங்கிய கை அடுத்து யார் மேல் விழும் என்பது ஓங்குகின்ற நாளில் தெரிவதில்லை. ஆகையால்தான் கையை ஓங்குவதற்கே எல்லை வேண்டும் என்கிறான் தாராளவாதி.

குலசேகரன்பட்டினத்திலிருந்து பார்க்கையில்

இவையெல்லாம் டில்லிக்கும் சென்னைக்கும் உரிய கதைகள். நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். மணப்பாட்டுக்கு அண்டையூரான குலசேகரன்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். தசரா வேடங்களுக்குப் பெயர்பெற்ற முத்தாரம்மன் கோயில் அங்கே உள்ளது. கடலோரமாகத் தெற்கே நடந்தால் மணப்பாட்டின் திருச்சிலுவை ஆலயமும் தூய சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும் வருகின்றன. வடக்கே திருச்செந்தூரைக் கடந்தால் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்கள். எல்லாச் சமயத்தாரும் ஒரே கடற்காற்றை உண்டு வாழும் பகுதி இது.

இவ்வூர் அரசின் அதிகாரத்தை மூன்று முறை நேருக்கு நேர் கண்டது. முதலாவது 1942. உப்பைக் காய்ச்சும் உரிமையைக்கூடத் தன் கைக்குள் வைத்திருந்த அன்னிய அரசின் உப்பளத்தில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது மோதல் மூண்டது. லோன் என்னும் உப்பு அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், இராஜகோபாலன் ஆகிய இரு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டது. கொலையை நாம் போற்றவில்லை. ஆனால் மக்களின் ஒப்புதல் இல்லாத அதிகாரம் எத்தகைய இரத்தத்தில் போய் முடியும் என்பதற்கு அவ்வூர் உப்பளமே சான்று. அவ்வாண்டில் இராஜாஜி அவ்வியக்கத்தை ஏற்காது காங்கிரசை விட்டு வெளியேறித் தனியே நின்றார் என்பதும் வரலாறு. தன் நாட்டு மக்களின் பேரலைக்கு எதிராகவும் மனச்சான்றின்படி நிற்பவனைத் துரோகி என்று தூற்றுவது எளிது. அவரும் தூற்றப்பட்டார்.

இரண்டாவது 1967. குலசேகரன்பட்டினத்தை உள்ளடக்கிய திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதி அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் சுதந்திராக் கட்சியின் சந்தோஷத்தைத் தேர்ந்தெடுத்தது. அண்டைத் தொகுதியான திருநெல்வேலி அதே கட்சியின் சேவியரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியா முழுவதிலும் 44 இடங்களை வென்று அக்கட்சி மக்களவையின் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. 1942இல் யாருடைய கருத்தை இம்மண் ஏற்க மறுத்ததோ, அவருடைய கட்சிக்கே இருபத்தைந்து ஆண்டுகளில் வாக்களித்தது.

இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. அவ்வெற்றி தி.மு.க.வுடன் கொண்ட கூட்டணியால் விளைந்தது. அரிசித் தட்டுப்பாடும் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அதற்கு உரமிட்டன. வாக்காளர்கள் தாராளவாதத்தைப் பயின்று வாக்களித்தார்கள் என்று சொன்னால் அது புனைவாகும். எனினும் அடங்காத ஆட்சிக்கு எதிராக வாக்களிக்க இம்மண்ணுக்குத் தெரியும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. 1971இல் அக்கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கிற்று. 1972 கிறிஸ்து பிறப்பு நாளன்று இராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியே பாரதீய லோக் தளத்தில் கரைந்தது. மறு ஆண்டே நெருக்கடி நிலை வந்தது. அடங்காத அரசு எப்படி இருக்கும் என்பதை நாடு முழுவதும் பட்டறிந்தது. எச்சரித்த குரல் கலைக்கப்பட்ட பின்னரே எச்சரிக்கை மெய்யாயிற்று. மூன்றாவது முறை நம் காலத்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

மறுப்புகளுக்கு விடை

நம் கூற்றுக்கு மூன்று மறுப்புகள் எழும். மூன்றும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

"சுதந்திராக் கட்சி ஜமீன்தார்களின் கட்சி; முன்னாள் அரசர்களின் கட்சி. ஏழைகளின் பக்கம் நிற்க வேண்டிய கிறிஸ்தவனுக்கு அங்கே என்ன வேலை?" என்பது முதல் மறுப்பு. அரசர்களும் பெருநிலக்கிழார்களும் அக்கட்சியில் இருந்தது உண்மை. நிலமற்ற கூலியாளைப் பற்றி அது போதிய அளவு பேசவில்லை என்பதும் உண்மை. திருச்சபையின் சமூகப் போதனை இவ்விடத்தில் அக்கட்சியோடு முழுமையாக ஒத்துப்போகாது. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தனியுடைமையை மனிதனின் உரிமை என்று காத்த அதே சுற்றுமடலில், தொழிலாளிக்கு நியாயமான கூலி மறுப்பதைக் கண்டித்தார். 1967இல் ஆறாம் சின்னப்பர், தனியுடைமை எவருக்கும் எல்லையற்ற உரிமையாகாது என்று தெளிவுபடுத்தினார். இவற்றை ஏற்கிறோம்.

ஆனால் அதே போதனையின் மறுபாதியை நம் மேடைகள் ஏன் மறைக்கின்றன? 1931இல் 11ஆம் பத்திநாதர், குடும்பமும் ஊரும் சங்கமும் தாமே செய்துகொள்ளக்கூடிய பணியை மேலிருக்கும் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தாரே! பெருநிலக்கிழாரின் ஆயிரம் ஏக்கரும் பனையேறியின் அரை ஏக்கரும் 'உடைமை' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆனால் அரசின் கையெழுத்து ஒன்றில் நிலம் போகும்போது பெரியவனுக்கு வழக்குரைஞர் உண்டு. சிறியவனுக்கு அரசியலமைப்பு ஒன்றே வழக்குரைஞர். 1978இல் 44ஆம் திருத்தம் உடைமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. அதனால் இழப்பு எய்தியவர்கள் கோட்டையில் வாழ்ந்த அரசர்கள் மட்டும்தாமா? சாலைக்கும் ஆலைக்கும் நிலம் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக்காக அலுவலகத் திண்ணைகளில் காத்திருக்கும் சிறு உழவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. "நாட்டின் விடுதலைக்குப் பின் முதல் மதமாற்றத் தடைச் சட்டத்தை 1967இல் ஒரிசாவில் இயற்றியது எந்த ஆட்சி? சுதந்திராக் கட்சி தலைமை தாங்கிய கூட்டணி ஆட்சியன்றோ? இதுதான் தாராளவாதமா?" என்று கேட்பார்கள். ஆம், அவ்வாட்சியே இயற்றியது. 1968இல் மத்தியப் பிரதேசம் அதைப் பின்பற்றியது. 1977இல் உச்ச நீதிமன்றம் இரு சட்டங்களும் செல்லும் என்றது. மனச்சான்றின் சுதந்திரத்தைக் கொடியில் எழுதிய கட்சி, மனச்சான்றுக்கு மாவட்ட அதிகாரியின் மேற்பார்வையைப் போட்டது வெட்கக்கேடு. அதை மூடி மறைக்க நாம் முயலவில்லை.

எனினும் இதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு. கட்சியின் பெயர்ப்பலகை எவரையும் காப்பதில்லை. கொள்கையைச் சொல்லி, அதே கொள்கையால் தன் கட்சியையே அளந்து பார்க்கத் துணியும் மனிதர்கள் உள்ளே இருந்தால்தான் பலகைக்குப் பொருள் உண்டு. 2002இல் தமிழகத்தில் அத்தகைய சட்டம் வந்தபோது நம் மக்கள் வீதிக்கு வந்தனர். 2004இல் அது நீக்கப்பட்டது. போற்றத்தக்க போராட்டம் அது. ஆயினும் அதே காலத்தில் மற்றவர்களின் பேச்சுரிமை பறிக்கப்பட்டபோது, நூல்கள் தடை செய்யப்பட்டபோது, நம் சங்கங்களிலிருந்து எத்தனை கண்டனங்கள் எழுந்தன? நமக்கு வலித்தால் மட்டும் கொள்கை பேசுவது கொள்கையன்று. அதுவும் ஒருவகைச் சலுகைக் கோரிக்கையே.

"சிறுபான்மையினருக்கு எதிர்ப்பு அரசியல் கட்டுப்படியாகாது; வல்லவனோடு வழக்கு வேண்டாம்" என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு ஐரோப்பாவின் வரலாறே விடை தருகிறது.

இரு ஐரோப்பியர்

அயர்லாந்தின் டானியேல் ஓக்கானல் 1828இல் கிளேர் தொகுதியில் வென்றார். கத்தோலிக்க நம்பிக்கையை மறுதலிக்கும் உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் நாடாளுமன்றத்தில் அவரால் அமர முடியவில்லை. மக்களின் எழுச்சிக்கு அஞ்சிய ஆங்கில அரசு 1829இல் கத்தோலிக்கருக்கு அவ்வுரிமையை வழங்கியது. கூடவே ஒரு விலையும் வைத்தது: அவருக்கு வாக்களித்த ஏழைக் குடியானவர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. சலுகை வரும் வழி எப்போதும் இதுவே. ஒரு கையால் தந்து மறு கையால் எடுக்கும்.

ஓக்கானல் செய்தது என்ன? தம்மவருக்குக் கதவு திறந்ததும் திண்ணையில் அமர்ந்து இளைப்பாறவில்லை. யூதர்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்று வாதாடினார். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அடிமைகளை வைத்திருப்போர் அனுப்பும் பணம் தம் இயக்கத்துக்கு வேண்டாம் என்றும் சொன்னார். நன்கொடை குறையும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தமக்குக் கேட்ட சுதந்திரத்தைப் பிறருக்கு மறுத்தால், தமக்குக் கேட்டதே பொய்யாகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மற்றவர் இத்தாலியின் லூயிஜி ஸ்தூர்சோ என்னும் குரு. 1919இல் மக்கள் கட்சியைத் தொடங்கியவர். முசோலினியின் எழுச்சியை எதிர்த்ததால் 1924இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. வல்லவனோடு இணங்கிப் போகலாம் என்று கருதியவர்கள் 1929இல் அவனோடு உடன்படிக்கை கண்டனர். திருச்சபைக்குச் சலுகைகள் கிடைத்தன. இரண்டே ஆண்டுகள், 1931இல் அதே முசோலினி கத்தோலிக்க இளைஞர் சங்கங்களை மூடினான். திருத்தந்தை கண்டனச் சுற்றுமடல் எழுத வேண்டியதாயிற்று. தந்தவனே எடுத்தான், எடுக்காதே என்று தடுக்க நாட்டில் நாடாளுமன்றமும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை, ஏடுகளும் இல்லை.

நம் நாட்டின் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். அரசியல் நிர்ணய சபையில் இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா போன்ற கிறிஸ்தவப் பிரதிநிதிகள், சட்டமன்றங்களில் தனியிட ஒதுக்கீடு வேண்டாம் என விட்டுக்கொடுத்தனர். எண்ணிக்கை போயிற்று. ஆனால் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லா மதத்தினர்க்கும் உரிமை தரும் 25ஆம் பிரிவும், சிறுபான்மையினர் கல்வி நிலையங்கள் நடத்தும் 30ஆம் பிரிவும் அரசியலமைப்பில் நிலைபெற்றன. இன்றளவும் நம் பள்ளிகளைக் காத்து நிற்பவை அப்பிரிவுகளே. எந்த அமைச்சரின் தலையசைப்பும் அவற்றைக் காத்ததில்லை.

நம் கடற்கரையின் கேள்வி

இப்போது மூன்றாவது சந்திப்புக்கு வருவோம். குலசேகரன்பட்டினம் அருகே மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கி ஏவும்போது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியுள்ளது. இங்கிருந்து நேரே செல்லலாம், எரிபொருள் மிச்சம். அறிவியல் காரணம் தெளிவானது. நாட்டுக்குப் பெருமை தரும் திட்டம் என்பதிலும் நமக்கு ஐயமில்லை.

சலுகை அரசியல் இங்கே என்ன கேட்கும்? "நம்மவர்களில் எத்தனை பேருக்கு அங்கே வேலை?" இதனைக் கேட்கட்டும். எல்லை அரசியல் கேட்பது இன்னும் அதிகம். நிலம் கொடுத்தவனுக்கு இழப்பீடு எந்தச் சட்டப்படி, எந்த நாளுக்குள்? ஏவும் நாளில் எத்தனை மைல் கடல் எத்தனை மணி நேரம் மூடப்படும்? அந்நாளின் பாடு இழந்த மீனவனுக்கு யார் பொறுப்பு? இவை வாய்ச்சொல்லாக நிற்குமா, அரசாணையாக எழுதப்படுமா? தவறினால் எந்த மன்றத்தில் முறையிடலாம்? இக்கேள்விகளில் கத்தோலிக்கக் கேள்வி என்று தனியே ஒன்றுமில்லை. மணப்பாட்டு மீனவனுக்கும் படுக்கப்பத்துப் பனைத்தொழிலாளிக்கும் காயல்பட்டினத்து வணிகனுக்கும் அவை பொது. பொதுவாகக் கேட்கப்படுவதால்தான் அவற்றுக்கு வலிமை.

இவ்வாறு கேட்காத சமூகத்துக்கு நேர்ந்ததை இக்கடற்கரை கண்டிருக்கிறது. கூடங்குளத்தில் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் 2011இலும் 2012இலும் உண்ணாநோன்பிருந்த மக்களுள் ஆயிரக்கணக்கானோர் மீது அரசத் துரோக வழக்குகள் தொடுக்கப்பட்டன. மாதா கோவில் பந்தலில் அமர்ந்து செபமாலை சொன்ன மூதாட்டியும் அரசின் கணக்கில் துரோகியானாள். 2013இல் உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்த அதே தீர்ப்பில், போராடியோர் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு கூற வேண்டியிருந்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள் மீது காவல்துறை சுட்டது. பதின்மூன்று பேர் மாண்டனர். உலை நல்லதா, ஆலை தீயதா என்பதில் நம்மவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கலாம். கேள்வி கேட்டவன் துரோகியல்லன், மனுக் கொண்டு நடந்தவன் சுடப்படத்தக்கவனல்லன் என்பதில் வேறுபாடு இருக்க முடியுமா? பல்லாண்டுகளாகச் சுற்றுச்சுவரும் தூண்டில் வளைவும் வாங்கித் தந்த அறிமுகங்களில் ஒன்றுகூட அந்நாட்களில் கேடயமாக நிற்கவில்லை.

1962இல், தம் 83ஆம் வயதில் இராஜாஜி கடல் கடந்து சென்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். மறு ஆண்டு திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அமைதிக்கான தம் சுற்றுமடலை வெளியிட்டார். தாராளவாதி சந்தைக்காரன் மட்டுமே என்று ஏளனம் செய்வோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமத்தாளில் தொடங்கி அணுகுண்டு வரை, அளவு கடந்த அதிகாரம் எவ்வடிவில் வந்தாலும் அதை எதிர்த்து நின்றதே அவ்வரசியலின் ஒருமை.

செய்யத்தக்கது

சுதந்திராக் கட்சியை மீண்டும் தொடங்குங்கள் என்று நாம் கூறவில்லை. எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்ப்பது நம் வேலையன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் உலகியல் பணிகளைத் திருநிலைப்படுத்தும் பொறுப்பைப் பொதுநிலையினரிடம் ஒப்படைத்தது. 1965இல் மனச்சான்றின் சுதந்திரம் மனித மாண்பிலேயே வேரூன்றியது என்றும் அறிவித்தது. அப்பொறுப்பு பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தால் நிறைவேறிவிடாது. எந்தக் கட்சியில் இருந்தாலும் அக்கட்சியின் தவற்றை எழுந்து சொல்லும் பொதுநிலையினரை நாம் உருவாக்க வேண்டும். நம் கல்லூரிகளிலும் பொதுநிலையினர் சங்கங்களிலும் இரத்தினசாமி, சுவாமிக்கண்ணு பிள்ளை போன்றோரின் வாழ்வு கற்பிக்கப்பட வேண்டும். அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதியைப் படிக்காத இளைஞன் எவனும் நம் இளைஞர் இயக்கத்தில் இருக்கலாகாது.

அடுத்த முறை வேட்பாளர் நம் ஊர்த் திடலுக்கு வரும்போது விண்ணப்பத்தைக் கொடுங்கள். தூண்டில் வளைவையும் கேளுங்கள். அதன்பின் அவரை அனுப்பிவிடாமல் நிறுத்தி வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். உம் கட்சி தவறு செய்தால் மன்றத்தில் எழுந்து சொல்வீரா? எமக்கு வாக்களிக்கும் உரிமையை எம் அண்டை அயலார்க்கும் வாக்களிப்பீரா? உம்மை எதிர்த்துப் பேசுபவன் மீது வழக்குப் போட மறுப்பீரா? மூன்றுக்கும் நேரான விடை தராதவர் நம் இனத்தவராயினும், நம் ஆலயத்தில் முழந்தாளிடுபவராயினும், அவருக்கு வாக்களிக்கும் கடன் நமக்கில்லை. நேரான விடை தருபவர் எச்சமயத்தவராயினும் அவருக்கு வாக்களிப்பதே நமக்கு நாமே செய்துகொள்ளும் பாதுகாப்பாகும்.